வேருக்குள் இருக்கும் தடுப்புகள்: உப்பு, வெள்ளம், வறட்சி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மண் பரிசோதனை முகாம், மாடித்தோட்டக் கூட்டம், பிளஸ் டூ தாவரவியல் வகுப்பு என்று எங்கே வேரைப் பற்றிப் பேச்செடுத்தாலும் ஏறக்குறைய ஒரே சந்தேகங்கள்தான் வருகின்றன. அவற்றைக் கேட்டவர்கள் கேட்டபடியே எழுதி, பதிலையும் சேர்த்திருக்கிறேன். நெல்லைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே இருக்கும். கேட்டவர்களில் பெரும்பாலானோர் டெல்டாக்காரர்கள். அதோடு, வேர்த் தடுப்பைப் புரிந்துகொள்ள நெல்லைவிட நல்ல பயிர் கிடையாது.

வேருன்னா தண்ணிய உறிஞ்சுறதுதானே வேலை? அதுக்குள்ள எதுக்குத் தடுப்பு?

உறிஞ்சுவது பாதி வேலைதான். எதை உள்ளே விடக்கூடாது என்று பார்ப்பது மீதி. மண்ணில் இருப்பது வெறும் தண்ணீர் அல்ல. பொட்டாசியம், நைட்ரேட் போன்ற வேண்டியவையும், சோடியம், குளோரைடு, அலுமினியம் போன்ற தொல்லை தருபவையும் அதில் கரைந்திருக்கின்றன. இலையிலிருந்து தண்ணீர் ஆவியாகிப் போய்விடும், அதோடு வந்த உப்பு போகாது, இலையிலேயே தங்கும். நாள்தோறும் இப்படிச் சேர்ந்தால் இலை ஓரத்திலிருந்து கருக ஆரம்பிக்கும். அதனால் வடிகட்டும் வேலை வேரிலேயே நடந்தாக வேண்டும்.

உள்ளே இருப்பது வெளியே கசியாமலும் பார்க்க வேண்டும். காய்ந்த மண்ணில் தண்ணீரும், சேற்றில் ஆக்சிஜனும் வேரைவிட்டு வெளியே போகப் பார்க்கும். ஆகவே இந்தத் தடுப்பு இரண்டு திசையிலும் வேலை செய்கிறது.

அந்தத் தடுப்பு எங்க இருக்கு? வேரோட வெளித்தோல்தானா?

வெளித்தோல் அல்ல. இளம் வேரை வெளியிலிருந்து உள்ளே பார்த்துக்கொண்டு போனால் முதலில் வேர்த்தூவிகள் உள்ள புறத்தோல் வரும், அதன் வழியாகத் தண்ணீர் தாராளமாகப் போய்வரும். அதற்கு அடுத்து, பெரும்பாலான பூக்கும் தாவரங்களில், எக்ஸோடெர்மிஸ் என்ற ஓர் அடுக்கு. பிறகு பல அடுக்குப் புறணி. அதன் உள் எல்லையில் ஒரே ஒரு செல் தடிமனுள்ள அகத்தோல். அதற்கும் உள்ளேதான் தண்ணீரை மேலே கொண்டுபோகும் சைலமும் உணவைக் கொண்டுவரும் ஃபுளோயமும் இருக்கும் நடுத்தண்டு. தடுப்புகள் அமைவது எக்ஸோடெர்மிஸ், அகத்தோல் ஆகிய இரண்டு அடுக்குகளில்தான்.

பாடப்புத்தகம் அகத்தோலை மட்டுமே அழுத்திச் சொல்கிறது. ஆய்வகங்களில் அதிகம் பயன்படும் அராபிடாப்ஸிஸ் என்ற சிறு கடுகினச் செடிக்கு எக்ஸோடெர்மிஸே கிடையாது என்பதால் ஆராய்ச்சியும் வெகுகாலம் அகத்தோலையே சுற்றி வந்தது. நெல்லுக்கும் தக்காளிக்கும் வெளி அடுக்கு ரொம்ப முக்கியம்.

காஸ்பேரியன் பட்டைன்னு பரீட்சைக்குப் படிச்சோம். அது உண்மையில என்னதான் செய்யுது?

ஜெர்மன் தாவரவியலாளர் ராபர்ட் காஸ்பரி 1865-இல் விவரித்ததால் அந்தப் பெயர். அகத்தோலை ஒரு செங்கல் சுவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். செல்கள் செங்கல், பட்டை என்பது செங்கல்களுக்கு நடுவில் உள்ள சிமெண்ட். செல்லின் உள்பக்கத்தையும் வெளிப்பக்கத்தையும் அது மூடுவதில்லை. பக்கத்துச் செல்லோடு ஒட்டியிருக்கும் சுவர்களில் மட்டும், செல்லை முழுக்கச் சுற்றி வளைத்து ஓடுகிறது.

இதனால் என்ன லாபம்? செல்சுவர்களின் இடுக்கு வழியாகவே கசிந்து வந்த தண்ணீரும் உப்பும் இந்த இடத்தில் நின்றுவிடும். மேலே போக வேண்டுமென்றால் ஏதாவது ஒரு செல்லின் சவ்வைக் கடந்துதான் போக வேண்டும். அந்தச் சவ்வில் எந்தப் பொருளுக்கு எந்தக் கடத்தி (பொருளைச் சவ்வைத் தாண்டிக் கொண்டுபோகும் புரதம்) என்பது செடியின் கையில் இருக்கிறது. பட்டை ஓடும் இடத்தில் சவ்வு செல்சுவரோடு இறுக ஒட்டியிருப்பதால், இரண்டுக்கும் நடுவே நழுவிப் போகவும் வழியில்லை. அராபிடாப்ஸிஸில் இந்தப் பட்டை லிக்னினால் ஆனது என்று சுவிட்சர்லாந்தின் லொசான் பல்கலைக்கழகத்தில் நிக்கோ கெல்ட்னர் குழுவினர் 2012-இல் காட்டினார்கள். 147 வருடம் கழித்துத்தான் அது என்ன பொருள் என்ற கேள்வி ஒரு முடிவுக்கு வந்திருக்கிறது!

சூபரினும் லிக்னினும் ஒண்ணுதானா?

இல்லை. லிக்னின் மரத்துக்கு உறுதி தரும் பொருள். சூபரின் மெழுகுத்தன்மையுள்ளது: நீண்ட கொழுப்பு அமிலங்களும் கிளிசராலும் பீனால் சேர்மங்களும் பின்னிக்கொண்டு உண்டாவது. பாட்டில் மூடும் தக்கையின் முக்கியப் பொருள் இதுதான், உருளைக்கிழங்குத் தோலிலும் இதுதான். விதைக்கிழங்கை வெட்டியவுடன் நடாமல் ஓரிரு நாள் நிழலில் ஆறவிடுகிறோமே, அப்போது வெட்டுப்பட்ட முகம் ஈரம் வற்றி, தொட்டால் லேசாகத் தடித்த மாதிரி இருக்கும். அங்கே புதிதாகச் சூபரின் படிய ஆரம்பித்திருக்கிறது.

காஸ்பேரியன் பட்டை செல்களுக்கு நடுவே மட்டும் அடைக்கிறது என்று முந்தைய பதிலில் பார்த்தோம். சூபரின் அப்படியில்லை. செல்லைச் சுற்றி முழுவதும் உள்பூச்சாகப் படிகிறது. அப்படிப் படிந்த செல்லின் சவ்வுக்கு வெளியிலிருந்து வரும் எதுவும் எளிதில் எட்டாது. பட்டை வந்தால் பொருள்கள் சவ்வு வழியாகப் போக வேண்டும், சூபரின் வந்தால் அந்த வழியும் சுருங்கிவிடும். இந்த வித்தியாசத்தை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் கீழே வரும் பதில்கள் எல்லாம் எளிது.

இதெல்லாம் செடிக்கு இயல்பாவே இருக்குமா, இல்ல கஷ்டம் வந்தாதான் வருமா?

காஸ்பேரியன் பட்டை எப்படியும் வரும். வேர்நுனியில் இருக்காது, நுனியிலிருந்து கொஞ்சம் தள்ளி ஆரம்பிக்கும். சூபரின் அதற்கும் பின்னால், முதிர்ந்த பகுதியில் வரும். எவ்வளவு தள்ளி, எவ்வளவு தடிமனாக என்பதுதான் சூழலைப் பொறுத்தது. உப்போ வறட்சியோ வந்தால் அப்சிசிக் அமிலம் என்ற ஹார்மோன் கூடும், சூபரின் நுனியை நோக்கி முன்னேறும்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த கண்டுபிடிப்பு 2016-இல் அதே லொசான் ஆய்வகத்திலிருந்து வந்தது. அராபிடாப்ஸிஸுக்கு இரும்பு, துத்தநாகம், மாங்கனீசு குறைந்தால் எத்திலீன் என்ற ஹார்மோன் வழியாகச் சூபரின் குறைகிறது. அந்தச் சத்துகளை உள்ளே இழுக்க வேர் தன்னைத் திறந்துகொள்கிறது. பொட்டாசியமோ கந்தகமோ குறைந்தால் நேர்மாறாகச் சூபரின் கூடுகிறது. ஒருமுறை போட்டால் போட்டதுதான் என்று நாம் நினைத்த அடுக்கு, தேவைக்கேற்பக் கூடிக் குறைகிறது.

நுனியில தடுப்பே இல்லன்னா அது பாதுகாப்பில்லாம இருக்கா?

வேறு விதமான பாதுகாப்பு இருக்கிறது. நுனியில் வேர்மூடி இருக்கிறது. அது வழவழப்பான பசையைச் சுரக்கிறது, தன் வெளிச் செல்களை உதிர்த்துக்கொண்டே இருக்கிறது. பட்டாணி போன்ற செடிகளில் இந்தச் செல்கள் ஆயிரக்கணக்கில் நுனியைச் சூழ்ந்து நின்று கிருமிகளையும் நச்சு உலோகங்களையும் தாங்கிக்கொள்கின்றன.

அமில மண்ணில், கார அமில நிலை 5.5-க்குக் கீழே போகும்போது, அலுமினியம் கரைந்து வேர்நுனியைத்தான் முதலில் தாக்கும். அதைத் தாங்கும் கோதுமை ரகங்கள் நுனியிலிருந்து மாலிக் அமிலத்தை வெளியே விட்டு அலுமினியத்தைக் கட்டிப்போடுகின்றன. அதற்குக் காரணமான மரபணு 2004-இல் அடையாளம் காணப்பட்டது. நீலகிரி மாதிரி அமில மண் பகுதிகளில் டோலமைட் போடுவதற்கு ஒரு காரணம் இதுதான்: மண்ணைச் சரிசெய்தால் நுனியின் பாரம் குறையும்.

பட்டையில எங்கயாவது ஓட்டை இருந்தா செடிக்குத் தெரியுமா?

தெரியும். நடுத்தண்டில் சின்னப் புரதத் துணுக்குகள் சில உண்டாகி வெளிப்பக்கமாகப் பரவுகின்றன. அவற்றை அடையாளம் காணும் ஏற்பி, அகத்தோல் செல்லில், பட்டைக்கு வெளிப்பக்கம் இருக்கிறது. பட்டை முழுமையாக அடைபடாத வரை துணுக்குகள் கசிந்து ஏற்பியைத் தொடும், செல் இன்னும் லிக்னின் போடும். முழுதாக அடைந்துவிட்டால் துணுக்கு ஏற்பியை எட்டாது, வேலை நின்றுவிடும். 2017-இல் லொசானிலும் ஜப்பானின் நகோயா பல்கலைக்கழகத்திலும் தனித்தனியாக இதைக் கண்டுபிடித்தார்கள். மேற்பார்வைக்கென்று தனியாக எதுவும் தேவைப்படாத ஏற்பாடு.

நெல்லு மட்டும் எப்பவும் தண்ணியில நிக்குது, வேர் அழுகலையே. எப்படி?

நெல் தன் வேருக்கு மேலிருந்து காற்றை அனுப்புகிறது. புறணிச் செல்களில் ஒரு பகுதி தாமாகவே மடிந்து, இலையிலிருந்து வேர்வரை நீளமான காற்றறைகள் உண்டாகின்றன. தூர் கட்டிய ஒரு குத்தைப் பிடுங்கி, தடித்த வேர் ஒன்றைக் கழுவி, புது பிளேடால் குறுக்கே வெட்டிக் கைலென்ஸில் பாருங்கள். நடுவில் திண்ணமான தண்டு, சுற்றிலும் வெற்றிடங்கள், அந்த வெற்றிடங்களுக்கு நடுவே மெல்லிய இழைகள். வேரை விரலால் நசுக்கினால் பொசுக்கென்று அமுங்கும்.

ஆனால் காற்றறை மட்டும் இருந்தால் போதாது. சேற்றில் ஆக்சிஜனே இல்லாததால், மேலிருந்து வரும் ஆக்சிஜன் நுனியை அடைவதற்குள் வழியெல்லாம் பக்கவாட்டில் கசிந்து தீர்ந்துவிடும். அதைத் தடுக்கத்தான் எக்ஸோடெர்மிஸில் சூபரினும், அதை ஒட்டிய அடுக்கில் லிக்னினும் படிகின்றன. வேரில் தண்டை ஒட்டிய பகுதி அடைபடுகிறது, நுனிப்பக்கம் மட்டும் திறந்திருக்கிறது, ஆக்சிஜன் நேராக அங்கே போய்ச் சேருகிறது. மேற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகத்தின் டிமோதி கோல்மர் இதை வருடக்கணக்கில் அளந்து காட்டியிருக்கிறார். காற்றோட்டமுள்ள கரைசலில் வளர்த்தால் இந்தத் தடுப்பு பலவீனமாக இருக்கிறது, ஆக்சிஜன் அற்ற தேங்கிய கரைசலில் வளர்த்தால் பலமாகிவிடுகிறது. அதாவது நெல் நிலைமையைப் பார்த்துத்தான் இதைக் கட்டுகிறது.

பயிரைப் பிடுங்கிப் பார்த்தா வேர் துருப்பிடிச்ச மாதிரி இருக்கு. நோயா சார்?

நோய் இல்லை, நல்ல அறிகுறி. சேற்று மண்ணில் இரும்பு கரைந்த நிலையில் இருக்கும். வேரின் இளம் பகுதிகளிலிருந்து வெளிவரும் ஆக்சிஜன் பட்டதும் அது இரும்பு ஆக்சைடாக மாறி வேர்மேல் படியும். பழுப்பு வேர்களுக்கு நடுவே வெள்ளை வேர்களும் நிறைய இருந்தால் புது வேர் விட்டுக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். கவலையே வேண்டாம்.

எங்க வயல்ல வேர் கருப்பா இருக்கு, அழுகின முட்டை நாத்தம் அடிக்குது. அப்போ தடுப்பு என்னாச்சு?

இதை உடனே கவனிக்க வேண்டும். அந்த நாற்றம் ஹைட்ரஜன் சல்ஃபைடு, கருப்பு நிறம் இரும்பு சல்ஃபைடு. தண்ணீர் வடியாமல் நாள்கணக்கில் நிற்கும் வயலிலும், பசுந்தாளையோ தாளடி வைக்கோலையோ மடக்கி உழுது, மட்க விடாமல் உடனே நட்ட வயலிலும் இதை அதிகம் பார்க்கலாம்.

தடுப்பு இல்லாமல் போனது பிரச்சினை இல்லை, அளவுக்கு மீறி வந்ததுதான் பிரச்சினை. இங்கிலாந்தின் ஹல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆம்ஸ்ட்ராங் தம்பதியர் நெல்வேரைச் சல்ஃபைடில் வைத்துப் பார்த்து 2005-இல் எழுதினார்கள். தடுப்பு நுனிப்பக்கம்வரை வந்துவிடுகிறது, வேர் இழுக்கும் தண்ணீரும் இரும்பும் குறைந்துவிடுகின்றன, பக்கவேர்கள் வெளியே வர முடியாமல் உள்ளேயே சிக்கிக்கொள்கின்றன. பயிர் மேலே வெளிறி நிற்பதைப் பார்த்து யூரியா போட்டால் பலன் இருக்காது, வாங்கிக்கொள்ள வேர் தயாராக இல்லை. முதலில் தண்ணீரை வடித்து, மண்ணில் மயிர்க்கோடு வெடிப்பு விடும்வரை காயவிடுங்கள். காய்ச்சலும் பாய்ச்சலுமாகத் தண்ணீர் கட்டச் சொல்வதன் பயன்களில் இதுவும் ஒன்று. திருந்திய நெல் சாகுபடியில் கோனோவீடர் ஓட்டும்போது களை போவதோடு மண்ணுக்குள் காற்றும் போகிறது.

அப்போ மக்காச்சோளம் மட்டும் ஏன் ரெண்டு நாள் தண்ணி தேங்கினா படுத்துடுது?

காற்றறை ஓரளவுக்கு அதற்கும் வரும். ஆக்சிஜன் கசிவதைத் தடுக்கும் வெளி அடுக்குத் தடுப்பைத்தான் அதனால் கட்ட முடியாது. கோதுமைக்கும் அதே நிலைதான். நிகராகுவாவின் கடலோரச் சதுப்பில் வளரும் தியோசின்டே என்ற காட்டு உறவு ஒன்றுக்கு இந்தத் திறன் உண்டு. நகோயா பல்கலைக்கழகத்தினர் அதை மக்காச்சோளத்தோடு இனக்கலப்பு செய்து அந்தக் குணத்தைக் கொண்டுவர உழைத்து வருகிறார்கள்.

எங்ககிட்ட உப்புத்தண்ணி போர்தான் இருக்கு. நெல்லுக்கு இவ்வளவு தடுப்பு இருக்குன்னா உப்பு எப்படி உள்ள போகுது?

சரியான கேள்வி. நெல் வெள்ளத்துக்குக் கெட்டி, உப்புக்கு அல்ல. மண்ணில் உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்தும் திறன் மீட்டருக்குச் சுமார் 3 டெசிசீமென்ஸைத் தாண்டினாலே மகசூல் இறங்க ஆரம்பிக்கும். நாற்றுப் பருவமும் பூக்கும் பருவமும் ரொம்ப மென்மையானவை.

உப்பு போகும் வழியைச் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் டிமோதி ஃபிளவர்ஸ் குழுவினர் 1980-களில் துருவினார்கள். நெல்லில் சோடியத்தின் ஒரு பெரிய பங்கு எந்தச் சவ்வையும் கடக்காமல், செல்சுவர் இடுக்கு வழியாகவே சைலம்வரை போய்விடுகிறது. எப்படி? சொல்லப்படும் விளக்கங்களில் ஒன்று இது: பக்கவேர்கள் நடுத்தண்டிலிருந்து கிளம்பி, அகத்தோலையும் எக்ஸோடெர்மிஸையும் கிழித்துக்கொண்டுதான் வெளியே வருகின்றன. புதிதாகக் கிழிந்த அந்த இடம் அடையும்வரை கசிவுதான். நாற்றைப் பிடுங்கும்போது அறுபடும் வேர்களும் அப்படித்தான். அதனால் உப்புத்தண்ணீர்தான் கதி என்பவர்கள் நடவுக்கும் அடுத்து வரும் ஒன்றிரண்டு வாரத்துக்குமாவது, கிடைக்கிற மழைநீரையோ வாய்க்கால் தண்ணீரையோ சேமித்து வைத்துப் பாய்ச்சினால் நல்லது. முதிர்ந்த வேர் தாங்குகிற உப்பைக் காயம்பட்ட வேர் தாங்காது.

டி.ஆர்.ஒய் 1, டி.ஆர்.ஒய் 3 ரகம் போட்டா போதுமா? வேற எதுவும் செய்ய வேண்டாமா?

ரகம் உதவும், மண்ணை மாற்றாது. திருச்சி வேளாண் கல்லூரியிலிருந்து வந்த இந்த ரகங்களும் கோ 43-உம் நம் களர் நிலங்களில் நன்றாகவே நிற்கின்றன. ஆனால் உப்பைத் தாங்குவது வேர்த் தடுப்பால் மட்டும் நடப்பதில்லை. கேரளத்தின் பொக்காளி நெல்லைப் பாருங்கள், தடுப்பைத் தாண்டிச் சைலத்துக்குள் வந்துவிட்ட சோடியத்தை மீண்டும் வெளியே எடுக்கும் கடத்திப் புரதமும் அந்த வகை நெல்லின் தாங்குதிறனில் சேர்ந்திருக்கிறது.

மண் களரா உவரா என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். இரண்டையும் ஒன்றாக நினைத்து ஜிப்சத்தைக் கொட்டுகிறவர்கள் நிறைய. உவர் மண்ணில் கரையும் உப்பு அதிகம், நல்ல தண்ணீர் கட்டி வடித்தால் இறங்கும். 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் பக்கத்து வயல்கள் தேறியது பெரும்பாலும் மழைநீர் உப்பைக் கழுவி வடித்ததால்தான். களர் மண்ணில் சோடியம் களிமண்ணோடு ஒட்டிக்கொண்டிருக்கும், கார அமில நிலை 8.5-க்கு மேல் போகும். அதற்குத்தான் ஜிப்சம், அப்புறம் தக்கைப்பூண்டு.

சிலிக்கான் உரம் போட்டா வேர் கெட்டியாகும்னு கடையில சொல்றாங்க. நிஜமா?

நெல்லைப் பொறுத்தவரை அடிப்படை உண்டு. நெல் மண்ணிலிருந்து சிலிக்காவை ஏராளமாக எடுக்கும் பயிர். வைக்கோலின் எடையில் 10 சதவீதம்வரைகூடச் சிலிக்கா இருக்கும். இதற்கான கடத்திகளை ஜப்பானின் ஒகாயாமா பல்கலைக்கழகத்தில் ஜியான் ஃபெங் மா குழுவினர் 2006, 2007-இல் கண்டுபிடித்தார்கள். ஒரு கடத்தி செல்லின் வெளிப்பக்கம், இன்னொன்று உள்பக்கம், அதுவும் எக்ஸோடெர்மிஸ், அகத்தோல் என்ற அந்த இரண்டே அடுக்குகளில். சிலிக்கான் கொடுத்தால் நெல்வேரின் தடுப்புகள் சீக்கிரம் முதிர்வதும், முன்பு சொன்ன இடுக்கு வழிச் சோடியக் கசிவு குறைவதும் ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது.

ஆனால் தக்காளிக்கும் இதே கதையைச் சொல்லி விற்றால் நம்பாதீர்கள், அது சிலிக்கானை மிகக் குறைவாகவே எடுக்கும். நெல்லுக்கும், காசு கொடுத்து வாங்கும் முன் வைக்கோலையும் உமியையும் வயலுக்கே திருப்பிக் கொடுக்கப் பாருங்கள். உமிச் சாம்பல் போடுவதானால் கருஞ்சாம்பலே மேல். அதிகச் சூட்டில் வெள்ளையாகும்வரை எரிந்த சாம்பலில் சிலிக்கா படிகமாகி எளிதில் கரையாமல் போய்விடுகிறது.

பிச்சாவரத்துல மரமெல்லாம் கடல் தண்ணியிலேயே நிக்குதே, அதுக்கு மட்டும் எப்படி முடியுது?

அங்கே இரண்டு முக்கிய ஆள்கள்: சுரபுன்னையும் வெண்கண்டலும். முத்துப்பேட்டையில் வெண்கண்டல்தான் பெரும்பகுதி. இரண்டுமே உப்பின் மிகப்பெரும் பங்கை, 90 சதவீதத்துக்கும் மேல், வேரிலேயே நிறுத்திவிடுகின்றன. எக்ஸோடெர்மிஸிலும் அகத்தோலிலும் சூபரின் கனமாகவும், நுனிக்கு ரொம்பப் பக்கத்திலேயும் ஆரம்பிக்கிறது. வெண்கண்டலில் அதையும் தாண்டி வருகிற உப்பை இலையில் உள்ள சுரப்பிகள் வெளியே தள்ளிவிடும். வெயில் நேரத்தில் இலையைத் தடவிவிட்டு விரலை நாக்கில் வைத்தால் கரிக்கும்.

இவ்வளவு அடைத்துவிட்டால் சேற்றில் மூச்சுக்கு என்ன வழி? சுரபுன்னையின் முட்டுவேர்களிலும் வெண்கண்டலின் மூச்சுவேர்களிலும் காற்றுத் துளைகள் இருக்கின்றன. ஃபுளோரிடாவில் ஷோலாண்டர் குழுவினர் 1955-இல் முட்டுவேரின் துளைகளைக் கிரீஸ் பூசி அடைத்துப் பார்த்தார்கள், சேற்றுக்குள் இருந்த வேரில் ஆக்சிஜன் சரசரவென்று இறங்கிவிட்டது. அதனால்தான் மூச்சுவேர்களை மிதித்து நடப்பதும் அவற்றின்மேல் மண் கொட்டுவதும் மரத்தையே கொல்லும்.

மாடித்தோட்டத் தக்காளிக்குத் தண்ணியக் குறைச்சுப் பழக்கினா வேர் பலமாகுமா?

ஓரளவுக்கு. தக்காளியின் இளம் வேரில் சூபரின் படிவது அகத்தோலில் அல்ல, எக்ஸோடெர்மிஸில். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் ஷிவான் பிராடி குழுவினர் 2024-இல் வெளியிட்ட ஆய்வில், அந்தச் சூபரின் குறைந்த செடிகள் வறட்சியில் சீக்கிரம் துவண்டன. கொஞ்சம் காயவிட்டுத் தண்ணீர் ஊற்றினால் இந்த அடுக்கு கூடும் என்பது சரி.

ஆனால் தொட்டி என்பது வயல் அல்ல. மே மாத வெயிலில் மொட்டைமாடியில் கருப்புப் பை கொதிக்கும், மண் காயக் காய அதில் இருக்கும் உப்பும் செறிவாகும். சில வாரங்களில் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்குங்கள், ஓரிரு நாளில் திடீரென்று வேண்டாம். புது தேங்காய் நார்க்கழிவை நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசிவிட்டுப் போடுங்கள், அதிலேயே உப்பு இருக்கும்.

தடுப்பு எவ்வளவு கூடினாலும் நல்லதுதானே?

கிடையாது. அழுகின முட்டை நாற்றம் பற்றிய பதிலிலேயே ஓர் உதாரணம் வந்துவிட்டது. இன்னொன்று, தக்காளிப் பழத்தின் அடி கருத்துப்போவது. அது கால்சியப் பற்றாக்குறை, ஆனால் மண்ணில் கால்சியம் இருந்தும் வரும். கால்சியம் பெரும்பாலும் சூபரின் படியாத இளம் வேர்ப்பகுதி வழியாகத்தான் உள்ளே போகிறது. ஒருநாள் வெள்ளம், மூன்றுநாள் வறட்சி என்று வைத்தால் புது நுனிகள் குறையும், அடைபட்ட வேர் கூடும், நீரோட்டமும் குறையும், பழத்துக்குக் கால்சியம் போய்ச் சேராது. முட்டை ஓடு, சுண்ணாம்பு என்று தேடுவதற்கு முன் தண்ணீரை ஒரே சீராக விட்டுப் பாருங்கள்.

வேம் பூஞ்சை நல்லதுன்னு போடுறோம். அது இந்தத் தடுப்பைத் தாண்டி எப்படி உள்ள போகும்? நூற்புழு வேற போகுதே?

எக்ஸோடெர்மிஸில் சில செல்கள் சூபரின் இல்லாமல் விடப்படுகின்றன. வழிச்செல்கள் என்று பெயர். பல செடிகளில் வேம் (VAM) பூஞ்சை, அதாவது வேரோடு கூட்டுவாழ்வு வாழும் பூஞ்சை, அவற்றின் வழியாகத்தான் நுழைகிறது. புறணியோடு நின்றுவிடும், அகத்தோலைத் தாண்டாது.

வேர்முடிச்சு நூற்புழு செய்வதுதான் வியப்பு. அதன் இளம்புழு வேர்நுனிக்குக் கொஞ்சம் மேலே புறணிக்குள் நுழைகிறது. பக்கத்திலேயே நடுத்தண்டு இருந்தாலும் அகத்தோல் மறிப்பதால் நேராகப் போவதில்லை. புறணி வழியாக நுனிவரை கீழே இறங்கி, பட்டை இன்னும் உண்டாகாத இடத்தில் திரும்பி, நடுத்தண்டுக்குள் ஏறுகிறது.

அப்போ ஆர்செனிக்கையும் இந்தத் தடுப்பு நிறுத்திடுமா?

நெல்லில் நிறுத்துவதில்லை. வங்காளதேசத்திலும் மேற்கு வங்கத்திலும் நிலத்தடி நீரில் ஆர்செனிக் இருக்கும் பகுதிகளில் அது அரிசிவரை வருகிறது. நீர் தேங்கிய மண்ணில் ஆர்செனிக் ஆர்சனைட் வடிவத்தில் இருக்கும், அது சிலிக்கிக் அமிலத்தை ஒத்திருப்பதால் சிலிக்கான் பதிலில் சொன்ன அதே கடத்திகள் அதையும் உள்ளே எடுத்துவிடுகின்றன. 2008-இல் மா குழுவினரே இதையும் காட்டினார்கள். தடுப்பு அடைப்பது இடுக்கு வழியைத்தான், கடத்தி வழியாக வருவதை அது என்ன செய்யும்? துருப்படலம் கொஞ்சம் ஆர்செனிக்கைப் பிடித்து வைக்கும். அங்கெல்லாம் வயலை இடையிடையே காயவிடுவது நெல்லுக்குள் போகும் ஆர்செனிக்கைக் குறைக்கிறது.

மரத்தோட தடிச்ச வேர்லயும் இந்தப் பட்டை இருக்குமா?

வேர் பருக்கும்போது அகத்தோலும் புறணியும் வெடித்து உதிர்ந்துவிடும். அதற்குப் பதிலாகத் தக்கை அடுக்கு உருவாகும், அதுவும் சூபரின்தான். மரம் தண்ணீர் எடுப்பதில் மெல்லிய இளம் வேர்களுக்கே பெரும்பங்கு, ஆகவே மரத்தடியை ஒட்டி ஊற்றாமல் கிளை நிழல் விழும் எல்லையில் ஊற்றுங்கள்.

எங்க ஸ்கூல் லேப்ல இதைப் பார்க்க முடியுமா?

முடியும். இளம் வேரை மெல்லிசாகக் குறுக்கே சீவி, சூடான் 3 சாயம் போட்டால் சூபரின் உள்ள இடங்கள் ஆரஞ்சுச் சிவப்பாகும். ஃபுளோரோகுளுசினாலும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் சேர்த்தால் லிக்னின் செஞ்சிவப்பாகும். அமிலத்தை ஆசிரியர்தான் கையாள வேண்டும். ஒரே நெல் ரகத்தைத் தொட்டியில் ஈரமண்ணிலும், இன்னொரு தொட்டியில் தண்ணீர் தேங்கிய சேற்றிலும் வளர்த்து, வேர் தண்டோடு சேரும் இடத்திலிருந்து ஒரே தூரத்தில் சீவி ஒப்பிடச் சொல்லுங்கள்.

வேர்த் தடுப்பை மட்டும் கூட்டி ஒரு புது ரகம் கொண்டுவர முடியாதா?

முயற்சிகள் நடக்கின்றன. மக்காச்சோளத்துக்கு நகோயாவில் நடப்பதை மேலே சொன்னேன். அமெரிக்காவில் சால்க் ஆய்வு நிறுவனம் பயிர் வேர்களில் சூபரினைக் கூட்டப் பார்க்கிறது, அவர்கள் நோக்கம் வேறு: சூபரின் எளிதில் மட்காது என்பதால் கார்பனை மண்ணுக்குள் நீண்டகாலம் வைத்திருக்கலாம் என்பது.

என் அபிப்பிராயம், எப்போதும் அதிகச் சூபரின் போடும் ரகத்தைவிட, தேவைப்படும்போது சீக்கிரம் போட்டு, தேவையில்லாதபோது குறைத்துக்கொள்ளும் ரகம்தான் நமக்குப் பயன்படும். டெல்டாவில் ஒரே போகத்தில் ஐப்பசியில் வெள்ளமும், தையில் தண்ணீர்த் தட்டுப்பாடும், கடைமடையில் உப்பும் வருகின்றன. நிரந்தரமாக அடைபட்ட வேர் துத்தநாகத்துக்குத் தவிக்கும், நம் நெல் வயல்களில் துத்தநாகம் ஏற்கெனவே குறைவு.